சங்குக்கு நின்ற கை

— டேய் ராஜவேலு, பின்னால நின்னு பேசாத. எதுக்க வந்து உக்காரு.

— உக்காந்துட்டேன். இப்பச் சொல்லு. சென்னையில அவ்வளவு பெரிய சபாவுல கூப்புடுறாங்க. வெளிநாடெல்லாம் போயி பியானோ வாசிச்சவ, இந்தா இருக்க சென்னைக்கு வரமாட்டேங்குறியே அக்கா.

— வாசிச்ச வரைக்கும் போதும்டா. பெரம்பலூருக்குப் போயி புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறேன்ல. விரலப் பாத்தாலே தப்பு தெரிஞ்சுரும். அது போதும் எனக்கு.

— என்னமோ போ. இந்தப் பியானோ நம்ம வூட்டுக்கு வந்த நாளு நெனப்பிருக்கா?

— மறக்குமா? எனக்குச் சொல்லிக் குடுத்த சிமெண்டு பேக்டரி எஞ்சினியரம்மா மாத்தலாகிப் போறப்ப, நர்மதாகிட்டயே இருக்கட்டும்னுட்டாங்க. அப்பா டிராக்டர்ல வைக்கோலப் பரப்பி ஏத்திக்கிட்டு வந்தாரு. நீ அது மேல ஏறிக்கிட்டு எறங்க மாட்டேன்னுட்ட.

— பாப்பாத்தி அத்தை சுத்திச் சுத்திப் பாத்துட்டு, இதுல எத்தன மூட்டை நெல்லு கொள்ளும்னு கேட்டுச்சே.

— அந்த நாளெல்லாம் திரும்ப வராதுடா. ரொம்ப ஏக்கமா இருக்கு.

— வெடி வக்கிறதுக்கு முன்னால குவாரியில சங்கு ஊதும். ஒடனே கைய எடுத்துருவ. வெடிச்சு, சன்னலு ஆடி அடங்குனப்பறந்தான் மறுபடி தொடுவ. இப்பவும் மத்தியானம் அதே சங்குதான்.

— தெனம் அதே பாட்டு, அதே நேரம். ஒரே எடத்துல நின்னு நின்னு கைக்குப் பழகிப்போச்சு. வியன்னா மேடையிலயும் அந்த எடம் வந்ததும் கை தானா நின்னுருச்சு. மறுநா பேப்பர்ல எழுதுறான், அந்த அமைதிக்கு ஈடே இல்லையாம். இப்ப எங்கிட்ட படிக்குற சிந்துவும் கவியாவும் அதே எடத்துல நிறுத்துதுங்க. குவாரியக் கண்ணால பாத்ததில்ல. திருத்த மனசு வரல.

— அந்தப் பாட்ட எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டேன். எத்தன வருசமாச்சு.

— உனக்காகத்தான். முடியற வரைக்கும் பேசக்கூடாது.

— சரிக்கா.

— ம்... அவ்வளவுதான். என்னடா, கண்ணு கலங்குது? அந்த எடத்துல சரியாத்தான நிறுத்துனேன்?

— நிறுத்துன.

— பின்ன?

— அதுக்கு ரொம்ப முன்னாலயே சங்கு ஊதிருச்சுக்கா. நீ பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருந்த.

— அதுக்குத்தான்டா, உதடு தெரியட்டும்னு, உன்னைய எதுக்க வந்து உக்காரச் சொன்னேன்.