நாற்பத்தைந்து கிலோ ஜெனரேட்டர்

பெயர்: மாவிஸ் டன்க்லி. வயது: 61. தொழில்: படகுகளுக்கு மெத்தை உறையும் திரைச்சீலையும் தைத்தல். முகவரி: மார்ஷ் லில்லி என்னும் கால்வாய்ப் படகு, நார்தாம்டன்ஷயர்.

தெருப் பெயரும் கதவு எண்ணும் எனக்குக் கிடையாது. காவலர் மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் இதையேதான் சொன்னேன். பதினான்கு நாளுக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு உள்ள விதி. இப்போது மதகைப் பழுதுபார்ப்பதற்காகக் கால்வாயை மூடியிருப்பதால் ஆஷ்வெல் வளைவில் படகைக் கட்டிப்போட்டிருக்கிறோம். என்னுடன் வசிப்பவன் என் தம்பி சிட்னி, வயது 56. அவனுக்கு இடுப்பெலும்பு தேய்மானம் உண்டு, கனமான எதையும் தூக்க முடியாது.

நவம்பர் 4 அன்று எங்கள் என்ஜினில், பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் எரிந்துபோனது. கூரைமேல் உள்ள சோலார் தகடு இந்த மாதத்தில் ஒரு விளக்குக்குக்கூடப் போதாது. மூன்றே நாளில் நான்கு பேட்டரிகளும் இறங்கிவிட்டன, தண்ணீர் பம்பும் நின்றது. அதன் பிறகு ஜெனரேட்டர் வாங்குவது என்று முடிவு செய்தோம். மூடிய பெட்டி போன்ற, இருபது கிலோ எடையுள்ள, சத்தம் குறைந்த ஒன்றை நான் தேர்ந்தெடுத்தேன். நானே தூக்கிக் கரையில் வைக்கலாம், நல்ல சார்ஜரோடு இணைத்தால் மூன்று மணி நேரத்தில் வேலை முடியும் என்று கணக்குப் போட்டே தேர்ந்தெடுத்தேன்.

அப்போது எங்களுக்கு முன்னால் படகு கட்டியிருக்கும் லெஸ்டர் போக் என்பவர், அழையாமலே எங்கள் படகுக்குள் வந்து உட்கார்ந்து, என் தேநீரையும் குடித்துக்கொண்டு, "ஏம்மா மாவிஸ், இது என்ன சோத்து டப்பாவா? எங்கிட்ட சும்மா கெடக்குது பாரு, அதுதான் ஜெனரேட்டர். வயரை நேரா பேட்டரில மாட்டிவிடு, சார்ஜரே வேணாம்" என்றார்.

"அதுல பேட்டரிக்குன்னு இருக்கற ஓட்டைலேர்ந்து வர்றது எட்டு ஆம்பியர்தான். பகல் பூரா ஓட்டினாலும் நாலு பேட்டரிக்குக் கால் வயிறு ரொம்பாது. எடை வேற நாப்பத்தஞ்சு கிலோ" என்றேன்.

சிட்னி என்னைப் பார்த்து, "அக்கா, அவரு இருபது வருஷமா படகுல இருக்காரு. நீ தையல் மெஷினப் பாரு" என்றான். நான் இருபத்தாறு வருடமாகப் படகில் இருக்கிறேன். அதை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு லெஸ்டரின் ஜெனரேட்டர் எங்கள் படகுக்கு வந்தது. லெஸ்டரும் இன்னொருவரும் அதைத் தூக்கி வந்து படகின் முன்தளத்தில் வைத்தார்கள். ஒரு வாரத்துக்கு, காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை, சட்டம் அனுமதிக்கும் அத்தனை நேரமும் அது கத்தியது. பேட்டரிகள் அப்போதும் பாதிக்கு மேல் ஏறவில்லை. சிட்னியால் அதைக் கரைக்கு இறக்க முடியாததால் அது முன்தளத்திலேயே இருந்தது, மழை வந்ததும் மேலே கித்தானை இழுத்து மூடி, புகை போக ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தான்.

நவம்பர் 14 அன்று மதியம் படகுக்குள் இருந்த, எரிபுகையின் விஷவாயுவைக் காட்டும் அலாரம் அடித்தது. லெஸ்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பேட்டரி கேஸும்மா. சார்ஜ் ஏறும்போது வர்றதுதான். கழட்டி வெளில வையி" என்றார். போன வருடம் வேறொரு படகுத்துறையில் எங்களுக்கு உண்மையாகவே அப்படி நடந்திருக்கிறது. பழைய பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதித்ததில் அலாரம் வீணாக அடித்தது. படகில் வசிக்கும் எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம். ஆகவே அலாரத்தை நான் என் கையாலேயே கழற்றிக் கூரைமேல் நிலக்கரி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். பேட்டரி அரை வயிற்றில் கிடக்கும்போது எப்படிக் கொதிக்கும் என்று யோசிக்க எனக்குப் புத்தியில்லை.

நவம்பர் 16 அன்று காலை 11 மணிக்கு மெத்தை உறைகளைத் தபாலில் சேர்க்க ஊருக்குள் சென்றேன். ஒரு மணிக்குத் திரும்பியபோது ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சிட்னி மேசைமேல் கவிழ்ந்திருந்தான், முகம் சிவந்திருந்தது, ரொட்டியில் வெண்ணெய் தடவிய கத்தி கையிலேயே இருந்தது. நான் அவனைக் காலைப் பிடித்துப் பின்தளத்துக்கு இழுத்து வந்தேன். அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது.

சிட்னி பிழைத்துக்கொண்டான். ஞாபகம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். என்னை அடையாளம் தெரிகிறது. கயிற்றைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னால் தன் கைகளையே பார்க்கிறான். நான்கு நாளும் ஒரே கேள்விதான் கேட்கிறான்: "அக்கா, ஏன் அழுத மாரி இருக்க?"

நவம்பர் 20 அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு அவனுடைய மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் லெஸ்டர் ஆள் பிடித்து ஜெனரேட்டரை எங்கள் படகிலிருந்து இறக்கிக் கரையோரம் வைத்திருந்தார். பின்னால் கட்டியிருக்கும் படகைச் சேர்ந்த ஜெம்மாவும் கைலும் நின்றிருந்தார்கள், ஜெம்மாவின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. லெஸ்டர் அவர்களிடம், "சத்தம்தான் கொஞ்சம். மழைன்னா கித்தானுக்குள்ள வச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"யோவ் லெஸ்டர், சிட்னி எங்க கெடக்கான்னு இவங்ககிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"அவன் கித்தான ஒழுங்காத் தெறந்து வைக்கல. மிஷின் மேல என்ன தப்பு?" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஜெனரேட்டரில் காலை வைத்து என் முழுப் பலத்தையும் கொடுத்தேன். லெஸ்டர் அதன் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என் மிஷினு, என் மிஷினு" என்று கத்தினார். விட்டிருந்தால் கரையிலேயே நின்றிருப்பார். விடவில்லை, அதோடு கூடவே தண்ணீருக்குள் போனார். நான் அவரைத் தொடவில்லை. அங்கே தண்ணீர் மார்பளவுதான். நான் கை கொடுக்கவில்லை என்று அவர் புகாரில் சொல்லியிருப்பது உண்மை. கைல்தான் கை கொடுத்தான். ஜெம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் படகுக்குள் போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள்.

மேற்கண்டவற்றை யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னேன். எழுதியதைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில், 'வாக்குவாதத்தின்போது ஜெனரேட்டர் தவறி நீரில் விழுந்தது' என்று இருந்தது. அப்படியே இருந்தால் எனக்கு நல்லது என்று காவலர் சொன்னார். அந்த வரியை அடித்துவிட்டு, நான் தள்ளினேன் என்று எழுதச் சொன்னேன். எழுதினார். அதன் பிறகே கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) மாவிஸ் டன்க்லி