பில்லெல்லாம் வெளுத்துப்போச்சு

"ஹலோ... ஹலோ, பாப்பா? அண்ணன்தான்... கட் பண்ணிடாத! அட, கட் பண்ணிடாதன்னு சொல்றேன்ல... ம்... ம்... சாப்டியா?"

ஹார்ட்வேர் கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே பேசினார். உட்காரும் நிலையில் அவர் இல்லை. மேசை முழுக்கப் பில்லுகள் பரவிக் கிடந்தன. எல்லாம் வழவழப்பான மெஷின் தாள். ஒன்றில்கூட ஒரு எழுத்து இல்லை.

"இல்லம்மா, சும்மாதான் கூப்டேன்... மாப்பிள்ளை நல்லாருக்காரா?... ஆமா, ரெண்டு மாசமா பேசலதான்... ஆமா, ஆமா... சரி, சும்மா இல்ல. வரி ஆபீஸ்லேருந்து நோட்டீஸ் வந்திருக்கு."

தங்கை மூன்று வருஷம் அந்தக் கடையின் கணக்கைப் பார்த்தவள். வீட்டுப் பெண்தானே என்று சம்பளத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. பில்லுகளைச் செல்போனில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வந்தாள். கை வலிக்கிறது, ஒரு ஸ்கேனர் வாங்கிக் கொடு என்று கேட்டபோது, வந்தவர் போனவர் முன்னால், "படம் புடிச்சு வெளையாட இது என்ன ஸ்டூடியோவா?" என்றுவிட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கியவள்தான்.

"சரக்கு வாங்கின பில்லு, மூணு வருஷத்துது. அடுத்த வாரம் காட்டணுமாம்... இருக்கு, பில்லெல்லாம் இருக்கு, எழுத்துதான் இல்ல... நெஜமாம்மா! ஜன்னல் வெயில் நேரா பீரோமேலதான அடிக்குது? உள்ள வெந்து வெளுத்துப்போச்சு... ஆமா, நீ அப்பவே சொன்ன... அதையும் சொன்ன... எல்லாத்தையும் சொன்ன தாயே, ஒத்துக்கறேன்!"

குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து ஆடிட்டர்கிட்ட ஓடினேன். காட்டலன்னா வாங்கின செலவே கணக்குல சேராதாம், கடையை வித்துத்தான் வரி கட்டணும் போல... இல்ல, கம்ப்யூட்டர்ல இருந்தாலே போதுமாம். எழுத்து தெளிவா இருக்கணும், கேட்ட பில்லைக் கேட்டதும் எடுக்கணும், அவ்ளோதானாம். உன் தங்கச்சியைக் கேளுன்னாரு... எந்த ஃபோல்டர்? கொள்முதலா? இரு... இந்த மவுஸ் வேற... ம், ஓடுது. கொள்முதல்... கொள்முதல்... காணோமேம்மா."

விரல் அப்படியே நின்றது. போன மாதம் கம்ப்யூட்டர் ஆமையாய் ஊர்கிறது என்று ரிப்பேர்க்காரரை வரவழைத்திருந்தார். ஏகப்பட்ட படங்கள் இடத்தை அடைக்கின்றன, அழிக்கட்டுமா என்று அவர் கேட்டார். தாராளமாக அழிங்க என்று சொன்னது சாட்சாத் இவரே.

"பாப்பா... கோவப்படாம கேளு. அது வந்து... நான்தான்... அழிக்கச் சொல்லிட்டேன்."

போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"திட்டு... திட்டிக்கோ... முடிஞ்சுதா?... இன்னும் இருக்கா? சரி, அதையும் திட்டு... என்னது? என்ன சொன்ன? இன்னொரு காப்பியா?... நெட்டுல ஒண்ணு, பென்டிரைவ்ல போட்டு உன் அலமாரியில ஒண்ணா? எதுக்கு ரெண்டு?... என்னை மாதிரி ஆளுங்க இருக்கறதாலயா? அதுவும் சரிதான்!"

தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். போன உயிர் திரும்பி வந்துவிட்டது.

"அனுப்பும்மா, இப்பவே அனுப்பு... ம்? ஒரு விஷயமா? சொல்லு... சம்பளம்தானே? தந்துடறேன்... வேணாமா? பின்ன?... பங்கா? கடையிலயா?... இல்ல இல்ல, தூக்கிவாரிப் போடல, ஃபேன் சத்தம் அது... கால் பங்கா!"

இருபது வருஷமாக ஆணியை எடை போட்டு விற்கிற மனிதர். கேட்ட விலைக்குச் சரி என்று சொல்லிப் பழக்கமே இல்லாத வாய்.

"பத்துல ஒண்ணுன்னு வச்சுப்போமே... ஹலோ! வச்சிடாத!... ஏழுல ஒண்ணு... ம்?... என்னது, அனுப்பிட்டியா? யாருக்கு?... ஆடிட்டருக்கா? காலையிலயேவா?... அவரே உனக்கு போன் பண்ணாரா? அப்ப இவ்ளோ நேரம் என்னை ஏன்டி மவுஸைப் புடிச்சு ஆட்டவிட்ட?... நானா கேக்கறேனான்னு பாத்தியா... ம்... ம்..."

ஆக, பில்லுகள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அவளிடம் இனி அவருக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. சரிம்மா, அப்புறம் பேசறேன் என்று போனை வைத்திருக்கலாம். அவருக்கு ஏனோ வாய் வரவில்லை. இத்தனை பேச்சு வாங்கிக்கொண்டு போனவள், அதற்கப்புறமும் அவர் கடையைத் தன் அலமாரியில் பத்திரமாக வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

கல்லாவுக்கு முன்னால் யாரோ வந்து நின்றார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். போனைக் கையால் பொத்தவில்லை.

"ரெண்டு இஞ்ச் ஸ்க்ரூவா சார்? ஒரு நிமிஷம் பொறுங்க. என் பார்ட்னர்கூட பேசிட்டிருக்கேன்."

பிறகு போனில்:

"ஹலோ... கேட்டுதா?... ஆமா, அப்படித்தான் சொன்னேன்... கால் பங்குதான், குறைக்கல. பத்திரமே எழுதிடலாம்... ஆனா ஒண்ணு, திங்கக்கிழமை நீதான் வந்து கடையைத் திறக்கணும்... ஹலோ? பாப்பா? அழறியா, சிரிக்கறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லித் தொலை... ஹலோ?... ஹலோ?"

லைன் கட்டாகியிருந்தது. மறுபடி அழுத்தினார். பிஸி. இன்னொரு தடவை அழுத்தினார். அப்போதும் பிஸி. அதற்குள் யாரையோ கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.