விலாசம் மாறிய தூக்கம்

— கையைக் குடும்மா, நாடி பார்க்கணும். நீங்க இல்ல, யேரின் அம்மா. உங்க மக யேரினோட கையை.

— ஓ. பழக்கத்துல நீட்டிட்டேன் வைத்தியரே. குடுடி. பதினேழு வயசு, பாருங்க. இந்த வயசுல நானெல்லாம் பஸ் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே தூங்குவேன். இவ ஜனவரியில இருந்து சரியாத் தூங்கல. வகுப்புல தலை மேசையில விழுதுன்னு பள்ளிக்கூடத்துல இருந்து போன் வருது. நவம்பர்ல பெரிய பரீட்சை. இவங்கப்பா கப்பல்ல இருக்காரு. நான் ஒருத்தி என்னதான் பண்ணுவேன்?

— என்னதான் பண்ணீங்க?

— பண்ணாதது என்ன? இலந்தைப்பழக் கஷாயம். உமி அடைச்ச தலையணை. பத்து மணி ஆனா போனைப் பிடுங்கி, கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிடுவேன்.

— காலையில பேசினா பூண்டு வாடை அடிக்குது.

— சும்மா இருடி. பெரியவங்க பேசுறோம்.

— அவளும் பேசட்டும். படுத்தா தூக்கம் வருதாம்மா?

— வருதுங்க. பதினோரு மணிக்கே.

— அப்புறம் எப்ப முழிப்பு?

— நாலு பத்துக்கு.

— தினமுமா?

— ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல. அன்னிக்கு ஒன்பது வரைக்கும் தூங்குவேன்.

— கர்த்தருடைய நாள், பாருங்க. அன்னிக்கு மட்டும் அவரே தாலாட்டுறாரு.

— நாலு பத்துக்கு உங்க வீட்டுல என்ன நடக்குது, யேரின் அம்மா?

— ஒண்ணும் நடக்காது. நான் அதிகாலை ஜெபத்துக்குக் கிளம்புவேன், அவ்வளவுதான். முன்னெல்லாம் வாரத்துக்கு ரெண்டு நாள். இவ தூக்கம் கெட்டதுக்கு அப்புறம் தினமும். ஞாயித்துக்கிழமை அந்த ஜெபம் கிடையாது. பூனை மாதிரிதான் போவேன் வைத்தியரே. செருப்பைக்கூட கையில எடுத்துக்குவேன்.

— கதவு?

— கதவுல நம்பர் பூட்டு. அது மட்டும் பாடும். வெளியே போனா ஒரு தடவை, உள்ளே வந்தா ஒரு தடவை. அதையும் அமுக்கி நிறுத்திட்டேன், பாருங்க. மறுநாளே தானாப் பாடுது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி பாடுது. கெட்டுப்போன பூட்டு.

— பூட்டு நல்லாத்தான் இருக்கு. நான்தான் சத்தத்தைத் திரும்பப் போட்டேன்.

— நீயா? ஏண்டி?

— நீ வீட்டுக்குத் திரும்பி வந்துட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— ஆறு மணிக்கு வராம எங்கடி போயிடப் போறேன்?

— ஜனவரியில வரல.

— அது ஒண்ணுமில்ல வைத்தியரே. சர்ச்சுக்கு ஏறுற படியில உறைபனி. வழுக்கிடுச்சு. மணிக்கட்டுதான். இப்பத்தான் பனியெல்லாம் போயிடுச்சே.

— படி போகலையே. நாப்பது நிமிஷம் தரையில கிடந்திருக்காங்க. பால் போடுறவர் பார்த்துத் தூக்கினாரு. அப்ப நான் நல்லாத் தூங்கிட்டு இருந்தேன்.

— அதுக்காகவா ரெண்டாவது பாட்டு வரைக்கும் முழிச்சுக் கிடக்கிறே? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?

— எனக்குத் தூக்கம் வரணும்னுதானே நீ ஜெபம் பண்ணப் போறே. எப்படிச் சொல்றது?

— யேரின் அம்மா, கொஞ்ச நாள் வீட்டுலயே ஜெபம் பண்ணக் கூடாதா? கடவுளுக்குக் காது நல்லாத்தானே கேட்குது.

— நூறு நாள்னு நேர்ந்துக்கிட்ட பொருத்தனை வைத்தியரே. இன்னிக்கு அறுபத்து மூணு. பாதியில விடலாமா?

— அறுபத்து மூணு நாளா என்ன சொல்லி ஜெபம் பண்றீங்க?

— அதைக் கேட்காதீங்க.

— கேட்டாத்தான் மருந்து எழுத முடியும்.

— அப்ப இவ காதைப் பொத்திக்கட்டும்.

— பொத்திட்டேன்.

— முழங்கால் போட்டு, 'ஆண்டவரே, என் மகளுக்குத் தூக்கம்'னு ஆரம்பிப்பேன். அவ்வளவுதான் ஞாபகம். பாஸ்டரம்மா தோளைத் தட்டும்போது அஞ்சே முக்கால். ராத்திரியெல்லாம் இவ முழிச்சிடுவாளோன்னு காதைக் குடுத்துக்கிட்டுக் கிடப்பேன். அங்க போனதும் தலை சாய்ஞ்சிடுது. பாஸ்டரம்மா யார்கிட்டயும் சொல்லல. எனக்குன்னு ஒரு போர்வை கொண்டு வந்து வச்சிருக்காங்க.

— அப்போ என்னைப் பத்தி கடவுள்கிட்ட யாரும் இன்னும் முழுசாச் சொல்லவே இல்லையா?

— காதைப் பொத்திட்டேன்னு சொன்னியே.

— ஒண்ணைத்தான் பொத்த முடிஞ்சுது. இன்னொரு கை வைத்தியர்கிட்ட இருக்கு.

— கடவுள் கேட்டுட்டாரும்மா. உங்கம்மா தூக்கம் கேட்டாங்க, அவரும் அனுப்பி வச்சாரு. விலாசம்தான் மாறிப்போச்சு.

— சிரிக்காமச் சொல்றீங்களே வைத்தியரே. மீதி முப்பத்தேழு நாளுக்கு நான் என்ன பண்றது? பாஸ்டரம்மா நேத்துதான் சொன்னாங்க, 'நீங்க வீட்டுல படுங்க, உங்க இடத்துல நான் முழங்கால் போடுறேன்'னு. எனக்குத்தான் மனசு வரல.

— அந்த மனசை இன்னிக்கு வரவழைங்க.

— அவங்களுக்கே முழங்கால் வலி, பாருங்க.

— வரச் சொல்லுங்க, எண்ணெய் தரேன். காசு வேண்டாம்.

— சரி. இவளுக்கு எத்தனை பொட்டலம்?

— இவளுக்கு ஒண்ணும் வேண்டாம். ராத்திரி உங்க படுக்கையை இவ அறையில விரிங்க.

— அம்மா குறட்டை விடுவாங்க.

— விடட்டும். அது கேட்குற வரைக்கும் அம்மா வீட்டுலதான் இருக்காங்கன்னு தெரியும். பூட்டு பாட வேண்டியதில்ல.

— அப்ப மருந்தே கிடையாதா வைத்தியரே? இவ்வளவு தூரம் வந்திருக்கோம்.

— இருக்கு. கையைக் குடுங்க, யேரின் அம்மா. வந்ததும் நீட்டினீங்களே, அதுதான் சரியான கை.