தண்ணி காட்டியாச்சா?

சின்னச் செடிகளை வளர்ப்பதில் இருக்கிற ஒரே கஷ்டம், கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான். மற்றதெல்லாம் பெரிய வித்தை இல்லை, மேடம். வெயில் விழுகிற ஜன்னல், மணல் கலந்த மண், அடியில் ஓட்டை போட்ட தொட்டி, இவ்வளவு போதும். ஆனால் மனிதர்களுக்குக் கை அரிக்கும். போகும்போது கொஞ்சம் ஊற்றுவார்கள், வரும்போது கொஞ்சம் ஊற்றுவார்கள். ஏன் என்று கேட்டால், பார்க்கப் பாவமாக இருந்ததாம். இப்படிப் பாவம் பார்த்தே அழுக வைத்துவிட்டு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் முதல் அந்த ஜன்னல்தான்.

நாங்கள் மூன்று பேர். நான், என் அக்கா, அக்கா மகள். அக்கா வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, "ஒண்டிக்கட்டையா எதுக்கு இன்னொரு வீட்டுல கெடக்குற, இங்கயே வந்துடு" என்று அக்காதான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். மூன்றாம் மாடி, இரண்டே அறை. நான் விடுதிகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். வந்த புதிதில் தையல் மிஷினை ஜன்னலை ஒட்டித்தான் போட்டிருந்தேன். செடிகள் வர வர மிஷின் சுவர்ப் பக்கம் போய்விட்டது. அக்கா கேலி செய்வாள். "ஊசியில நூல் கோக்க வெளிச்சம் வேணாமாம், இந்தக் குண்டுங்களுக்கு வேணுமாம்." இலையெல்லாம் தண்ணீர் நிறைந்து தடித்திருப்பதால் அவள் வைத்த பெயர் அது. கடையில் சக்குலன்ட் என்பார்கள். எங்கள் வீட்டில் குண்டு. இந்த மாதிரி வெயில் வேறு எந்த வீட்டிலும் கிடைக்காது, என்னை இங்கிருந்து தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

அக்கா மகளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். பல்செட் செய்கிற ஒரு லேபில் அவளுக்கு வேலை. மெழுகில் பல் வரிசை அமைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவள் முதலாளியே சொல்வார். ஒரு நாள் நான் தேக்கரண்டியால் செடிகளுக்குச் சொட்டுச் சொட்டாக விடுவதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சித்தி, நீ அதுங்களுக்குத் தண்ணி ஊத்தல. தண்ணி காட்டுற."

அக்காவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஒருவரை ஏய்ப்பதற்கும் அதே பேச்சுத்தானே. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்டது கிடையாது. தண்ணி காட்டியாச்சா என்றுதான் கேட்போம். இந்தப் பேச்சை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், பின்னால் குழப்பம் வரக் கூடாது.

இருந்ததிலேயே எனக்குப் பிடித்தது கூழாங்கல் செடி. தெரியாதவர்கள் பார்த்தால், தொட்டியில் ஏதோ கல்லைப் பொறுக்கிப் போட்டு வைத்திருக்கிறாள் என்பார்கள். இரண்டே இலை. குண்டாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவிலிருந்துதான் பூ வரும், செடியைவிடப் பெரிதாக, வெள்ளை வெளேரென்று. மத்தியானத்துக்கு மேல்தான் விரியும். முதல் பூ வந்த அன்று மூன்று பேரும் ஜன்னலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். "சினிமாவுக்குப் போயிருந்தாக்கூட இவ்வளவு நேரம் ஒரே எடத்துல ஒக்காந்திருக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

பூ உதிர்ந்த பிறகுதான் விஷயமே இருக்கிறது. உள்ளே புதிதாக ஒரு ஜோடி இலை உருவாகும். அந்தச் சமயத்தில் தண்ணீர் விடவே கூடாது. பழைய ஜோடி தன்னிடம் இருக்கிற தண்ணீரையெல்லாம் புதியதற்குக் கொடுத்துவிட்டு, சுருங்கி, காகிதமாகி, தானே ஒதுங்கிக்கொள்ளும். பாவம் பார்த்து ஊற்றினால் பழையது மறுபடி ஊதிக்கொண்டு உட்கார்ந்துவிடும். புதியது உள்ளேயே நசுங்கிக் கோணிப் போகும். எனக்கு ஒரு செடி அப்படித்தான் போயிற்று. பிளந்து பார்த்தேன். உள்ளே இருந்த குருத்து கடுகளவுதான், வெளுத்துப் போயிருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் சுத்தமாக விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று, அவ்வளவு வாயாடிக்கு. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது, கண்ணைப் பார்த்தாலே தெரியும். விழுங்குவதும் சிரமம். தண்ணீரை அப்படியே கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று, கலந்து கெட்டியாக்கிக் கொடுக்க ஒரு மாவு எழுதிக் கொடுத்தார்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்தில் துண்டு கட்டி, கரண்டி கரண்டியாக, அவசரப்படாமல் ஊட்ட வேண்டும். காலையிலும் மாலையிலும் சிட்டு பார்த்துக்கொண்டாள். அவள் வேலைக்குப் போகிற பகல் முழுக்க நான்.

அக்கா மேல் எனக்கு உயிர், மேடம். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்தான். ஆனால் சிட்டுவையும் பார்க்க வேண்டுமே. கண்ணாடி முன்னால் நிற்பதையே விட்டுவிட்டாள். சிநேகிதிகள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அந்த நேரம் பார்த்து அவள் முதலாளி, துறைமுக நகரத்தில் புது லேப் திறக்கப்போவதாகவும், அதைச் சிட்டுதான் பொறுப்பெடுத்து நடத்த வேண்டும் என்றும் சொன்னார். இவள் முடியாது என்றுவிட்டாள். கோடை முடிகிற வரைக்கும் காத்திருக்கிறேன், யோசித்துச் சொல் என்றாராம் அந்த மனிதர்.

"நீ போடி. இங்க நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"சும்மா இரு சித்தி."

"எதுக்குடி முடியாதுங்குற?"

"சும்மா இருன்னு சொல்றேன்ல."

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. எனக்கு யாரும் பிட்டுப் பிட்டு வைக்க வேண்டியதும் இல்லை. ஜன்னலில் கூழாங்கல் செடி பாதி காய்ந்திருந்தது. திரும்பினால் கட்டிலில் அக்கா.

அந்தக் கோடையில் நான் ஒன்றும் செய்யவில்லை. என்ன செய்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, அதனால் சொல்கிறேன். மருந்தை மாற்றவில்லை. தலையணையை எடுத்து முகத்தில் அமுக்கவில்லை. நேரா நேரத்துக்கு அவளைத் திருப்பிப் படுக்க வைத்தேன், முதுகுக்குப் பவுடர் போட்டேன், தலை வாரிவிட்டேன். படுக்கைப் புண் என்று ஒன்று அவள் உடம்பில் ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் சும்மா இருந்தேன்.

நிமிர்த்தி உட்கார வைத்து, துண்டு கட்டி, டம்ளரை அவள் முகத்துக்கு நேராகப் பிடிப்பேன். அக்கா வாயைத் திறப்பாள். அவள் நன்றாகப் பார்க்கிற வரை பிடித்திருந்துவிட்டு, எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் கொட்டிவிடுவேன். செடிகளுக்கு ஊற்ற முடியாது, அதுகளுக்கு அது பருவம் இல்லை. பிறகு ஈரத் துணியால் அவள் உதட்டைத் துடைத்துவிடுவேன். உதடு வெடித்திருந்தால் சிட்டு பயந்துபோவாள். சாப்பாட்டை நான் தடுக்கவில்லை, கரைத்து ஊட்டத்தான் செய்தேன். நாக்கு வறண்டவளுக்கு அது எங்கே இறங்கும்.

கொடுக்கிற எண்ணமே இல்லாதபோது எதற்கு எடுத்துப் போய்க் காட்ட வேண்டும் என்று உங்கள் ஏட்டு கேட்டார். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மத்தியானம் சிட்டு லேபிலிருந்து போன் செய்வாள்.

"சித்தி, அம்மாவுக்குத் தண்ணி காட்டியாச்சா?"

"காட்டியாச்சுடி."

கேட்டதற்கு உள்ளது உள்ளபடி பதில். அந்தப் பெண்ணிடம் ஒரு நாளும் நான் பொய் பேசினதில்லை. அது என் சுபாவத்திலேயே கிடையாது.

அக்கா முதலில் டம்ளரைப் பார்த்து இடது கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். ஆசை காட்டுவது பாவம் என்று, காட்டாத நேரத்தில் டம்ளரை மிஷின் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். கை அந்தப் பக்கம் நீண்டது. ஒரு நாள் துண்டை அவிழ்க்கக் குனிந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அந்தக் கையில் எங்கிருந்து வந்ததோ. "விடு அக்கா, தையல் கெடக்கு" என்றேன். விட்டுவிட்டாள். சின்ன வயதிலிருந்தே நான் எதைக் கேட்டாலும் விட்டுக்கொடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு என்னிடம் கையை நீட்டவில்லை. வாய் மட்டும் திறந்துகொண்டிருந்தது.

மாலையில் சிட்டு வந்து கரண்டியை நீட்டினால் அக்கா பாய்ந்து பாய்ந்து குடிப்பாள். அந்த அவசரத்தில் புரை ஏறும், இருமுவாள், சிட்டு பயந்துபோய் நாலைந்து கரண்டியோடு நிறுத்திவிடுவாள். ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் தாங்காது.

"பாத்தியா சித்தி, எவ்ளோ ஆசையாக் குடிக்கிறா. அம்மா தேறிட்டு வர்றா."

அவள் முகத்தில் அப்படி ஒரு களையைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதைக் கெடுப்பானேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

வெயில் ஏற ஏற அக்கா தூங்கிக்கொண்டே இருக்க ஆரம்பித்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. கையின் தோலைக் கிள்ளினால் கிள்ளின இடத்திலேயே நின்றது. பிறகு காய்ச்சல் வந்தது. சிட்டு அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது என்றார். "எத்தனை நாளா இவங்க சரியாத் தண்ணி குடிக்கல?" என்று கேட்டார். சிட்டு, "இல்லையே, நல்லாத்தான் குடிச்சாங்க, இப்பத்தான் நல்லாக் குடிக்கவே ஆரம்பிச்சாங்க" என்றாள். டாக்டரம்மா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அங்கேயே அக்கா முடிந்துபோனாள். நான் அழுதேன். எனக்கு இருந்தது ஒரே அக்கா.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு சிட்டு கட்டிலைச் சுற்றி இருந்த சாமான்களை ஒழித்தாள். அந்தக் கோடையில் பகலுக்கென்று என்னிடம் தனியாக வாங்கிக் கொடுத்திருந்த மாவு டப்பாக்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. மூடியில் ஒட்டின தாள்கூடக் கிழியவில்லை. வீணாக எதற்குக் கலக்க வேண்டும் என்று நான்தான் பிரிக்கவில்லை. அவள் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மூடியைத் தடவிப் பார்த்தாள்.

"சித்தி, அம்மாவுக்குத் தண்ணி குடுத்தியா?"

காட்டியாச்சா என்று கேட்கவில்லை. முதல் தடவையாக அந்தச் சொல்லை மாற்றிவிட்டாள். அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது.

"இல்லடி. காட்டினேன்" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செடியின் விஷயத்தைப் பொறுமையாக விளக்கிச் சொன்னேன். பழையது போனால்தான் புதியதற்கு வழி, இனி நீ தாராளமாகப் போகலாம், முதலாளிக்கு இன்றைக்கே போன் போடு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பது போல.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்தேன்" என்றாள். "அங்க கீழ் வீடே மொதலாளி பாத்துக் குடுத்திருந்தாரு. கட்டில் போட, சக்கர நாற்காலி தள்ள, எல்லாத்துக்கும் எடம் இருந்துச்சு."

"அப்புறம் என்னடி?"

"நீ. இந்த ஜன்னல விட்டு வர மாட்டேன்னு நீதானே தெனம் சொல்லுவ. உன்னத் தனியா விட்டுட்டுப் போனா இந்தத் தொட்டிங்களோட கெடந்து செத்துருவியேன்னுதான் போகல. அம்மாகிட்ட எத்தன வாட்டி கேட்டேன். கேட்டப்பல்லாம் உன் மிஷின் பக்கந்தான் கைய நீட்டுவா. உன்ன விட்டுட்டு வேணாம்னு."

பிறகு அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள். நான் தடுக்கவில்லை. கதவைக்கூட நான்தான் திறந்துவிட்டேன்.

துக்கத்தில் இருக்கிறவர்கள் ஆயிரம் பேசுவார்கள், மேடம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவைக் கொன்றது நான்தான். இதை நீங்கள் எந்த வார்த்தையில் எழுதினாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்தப் பெண்ணுக்காகச் செய்தேன் என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். அவள் புது லேபுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை என்கிறீர்கள். போவாள். கொஞ்ச காலம் ஆகும்.

அவள் சொன்னதை நான் யோசிக்காமலும் இல்லை. அவள் சொன்னபடி பார்த்தால் காய்ந்து ஒதுங்க வேண்டியது நான்தான் என்று ஆகிறது. நியாயமாக, நிதானமாகத்தான் யோசித்துப் பார்த்தேன். அது ஒத்துவராது. அக்காவுக்கு இருந்த பொறுமை எனக்குக் கிடையாது. கொஞ்ச நேரம் தாமதமானாலே எனக்குத் தலை சுற்றும், கண் இருட்டும். இப்போதுகூடப் பாருங்கள், பேசிப் பேசி நாக்கு மேலே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்களேன்.