தேவதாஸுக்குப் போட்ட இலை

நீங்கள் கொடுத்த காப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. ஜப்பான்காரன் காலம் முழுக்கக் கருக்கிய சோளத்தூளைக் குடித்த நாக்குக்கு இது பெரிய விஷயம்.

என் பெயர் மாணிக்கவாசகம். பம்பாயில் சமூகவியல் படித்து அங்கேயே பேராசிரியரானேன். மாலையில் வயலின் வாசிப்பேன். மாணவர்களுக்கு என் மேல் பிரியம் உண்டு. துக்கம் காக்கும் வழக்கங்களை ஆராய மலாக்கா வந்து, காஜா பெராங்கில் தேவதாஸ் என்ற மலாக்கா செட்டியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். சண்டை மூண்டது. திரும்பிப் போக வழியில்லை.

பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் தமிழ் வம்சமான இந்தச் செட்டிமார் போகியன்று செத்தவர்களுக்கு வாழையிலை போட்டு விருந்து படைப்பார்கள். சரி, ஒருவன் காணாமல் போனால்? அவன் பெண்டாட்டி அவனுக்கு எப்போது இலை போடுவாள்? இதை யாரும் ஆராய்ந்ததில்லை.

நாற்பத்து மூன்றில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். தேவதாஸ் புக்கிட் காதிலில் ஒரு ரப்பர் கொட்டகையில் ஒளிந்துகொண்டார். அவருக்குச் சோறு கொண்டுபோனவன் நான். பக்கத்து வீட்டு நல்லையாவையும் யோசித்துப் பார்த்தேன். அவருக்குப் பிள்ளைகள் அதிகம். துக்கம் பங்கு பிரிந்துவிடும். தேவதாஸுக்கு மனைவி கமலவேணி மட்டும்தான். கொட்டகை இருக்குமிடத்தை ஜப்பான் சிப்பாய்களிடம் சொன்னேன். அவர்கள் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை; அவரைச் சயாமுக்கு ஏற்றிப் போனார்கள்.

முதல் போகிக்கு அவள் அவருக்கு இலை போடவில்லை. அவர்கள் வீட்டுப் பேச்சு மலாய், தமிழில் சொல்கிறேன்; என்னை மட்டும் துவான், அதாவது ஐயா, என்பாள். "உசுரோட இருக்கிறவருக்கு எதுக்கு துவான் இலை?" என்றாள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் மருதமுத்து என்ற தோட்டத் தொழிலாளி சயாமிலிருந்து தப்பி வந்தான். வாசலில் நான்தான் நின்றிருந்தேன்.

"தேவதாஸ் அண்ணன் உசுரோட இருக்காரு சார். கால்ல புண்ணு, வேற ஒண்ணுமில்ல. அக்காகிட்ட சொல்லணும்."

"நான் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

பின்கட்டில் அவள் சம்பல் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் போய்விட்டான்.

மறு போகிக்கு முந்தின நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"துவான் படிச்சவங்க. உங்களுக்கு என்ன தோணுது? இருக்காரா?"

நான் வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்துச் சுருதி சேர்த்தேன்.

மறுநாள் இலை போட்டாள். அவருக்குப் பிடித்த மீன் குழம்பை ஊற்றும்போது பாதி தரையில் சிந்தியது. என் கேள்விக்கு விடை கிடைத்தது. பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பங்குனியில் இறந்துபோனாள்.

போன வாரம் தேவதாஸ் ஒற்றைக் காலோடு வந்து சேர்ந்தார். நடந்ததையெல்லாம் நானே அவரை உட்காரவைத்துச் சொன்னேன். கேட்கும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அவர்தான் உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறார்.

காட்டிக்கொடுத்தது நான். சேதியை மறைத்ததும் நான். ஆனால் இலை போடச் சொன்னது நானில்லை, ஐயா. அது முழுக்க அவளாக எடுத்த முடிவு.