கிணற்றடியில் குளிக்கத் தடை

உடுவிலில் மினிபஸ் ஏறும்போதே எனக்கு எரிச்சல். நிற்கவே இடமில்லை, இன்னும் ஆட்களை அடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அந்த இரைச்சலிலும் காதில் விழுந்தது.

“நான் இவரைக் கிணத்தடியிலை குளிக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டன்.”

“ஏனக்கா, அண்ணைக்குக் காய்ச்சல், ஏதும் வருத்தமோ?”

“வருத்தமொண்டுமில்லை. என்ரை ஓர்கிட் மொட்டு விட்டிருக்கு.”

“அதுக்கும் அண்ணை குளிக்கிறதுக்கும் என்ன?”

“அதுக்கு ஈரக்காத்து வேணும். முதல் வீட்டு முத்தத்திலை வச்சது வெக்கைக்குக் கருகிப்போச்சு. பாத்ரூமிலை வையுங்கோ எண்டு வீடியோவிலை சொன்னாங்கள். வச்சன், அதுவும் செத்துப்போச்சு. பிறகுதான் விளங்கிச்சுது. எங்கடை பாத்ரூமிலை ஆர் குளிக்கினம்? வெளிநாட்டுச் சொந்தக்காரர் வந்தால்தான் அதுக்குள்ளை தண்ணி ஓடும். நாங்கள் எல்லாரும் கிணத்தடி.”

“அப்ப இப்ப?”

“இது மூண்டாவது செடி. காலமையும் பின்னேரமும் இவர் பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு சுடுதண்ணியிலை குளிக்கவேணும். ‘உந்தச் செடிக்காக என்னை அவிக்கிறியோ’ எண்டு கத்துறார். கத்தட்டும். இதுவும் செத்துதெண்டால் இனி நான் செடியே வைக்கமாட்டன்.”

அவளுடைய போன் அடித்தது. அவசரமாக எடுத்ததில் கைப்பை என் காலில் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்னப்பா? விரிஞ்சிட்டுதோ? வடிவாப் பாத்தனீங்களோ? ஐயோ, என்ன நிறம்?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“சரி, இனி நீங்கள் கிணத்தடிக்குப் போங்கோ.”

மறுமுனையைக் கேட்டுவிட்டு, போனை மடியில் வைத்தாள்.

“அண்ணை என்னவாமக்கா?”

“போகமாட்டாராம். இன்னும் ரெண்டு மொட்டு இருக்காம்.”