வேலியில் விரித்த கூறை

லியோன்: வேலியில கூறைச் சீலையை விரிச்சது ஆர்?

சவுந்தரி: நான்தான்... ஏன் கத்திறியள்? நேவிக்காரர் வந்தால் அதை விரிக்கச் சொன்னது நீங்கள்தானே.

லியோன்: நேவி எங்கை வந்தது? நான் இறங்குதுறையிலயிருந்துதான் வாறன். நெடுந்தீவில ஒரு ஜீப்பும் இல்லை.

சவுந்தரி: வந்து போனவங்களாம். அந்தோனியம்மா அக்கா சொன்னவ.

லியோன்: அந்தோனியம்மாவோ? அவ விடியவே படகேறிக் குறிகட்டுவானுக்குப் போனவ. நான்தான் பெட்டியைத் தூக்கி ஏத்திவிட்டனான்.

சவுந்தரி: அப்ப... வேறை ஆரோ...

லியோன்: என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லும்.

சவுந்தரி: ஓம், ஒருத்தரும் வரேல்லை! சும்மாதான் விரிச்சனான்.

லியோன்: சும்மாவோ? அதைக் கண்டால் எங்கட வள்ளம் கரைக்கு வராது, திரும்பி ஆழக்கடலுக்கு ஓடும் எண்டு தெரியாதே?

சவுந்தரி: தெரியும். ஓடட்டும். அக்கரையிலயிருந்து கள்ளமாக் கொண்டுவாற சாமான் எல்லாத்தையும் கடலில கொட்டட்டும். நட்டப்பட்டால்தானே இந்தத் தொழிலை விடுவியள்.

லியோன்: விசர்க்கதை கதையாதேயும்...

சவுந்தரி: ஆருக்கு விசர்? ஒரு கல்வீடு போதும் எண்டியள். கட்டியாச்சு. பிறகு மேல்வீடு. இப்ப யாழ்ப்பாணத்தில கடை. ஜீப் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு பதறுது. நீங்கள் மீன் பிடிச்ச காலத்தில நான் நிம்மதியா நித்திரை கொண்டனான்.

லியோன்: உமக்காகத்தானே...

சவுந்தரி: நான் கேட்டனானே? கலியாணக் கூறையை வேலியில விரிக்க வைச்ச மனுசன்! இருங்கோ, என்ரை தம்பி யாக்கோப்பு மடு மாதா கோயில் திருநாள் முடிஞ்சு வரட்டும். அவன் சொன்னால் கேப்பியள்.

லியோன்: முதல்ல ஓடிப்போய் அந்தக் கூறையை எடும். காத்து கூடுது.

சவுந்தரி: சோழகக் காத்துத்தானே. வள்ளம் ஓட்டுற பஸ்ரியாம்பிள்ளை அண்ணை காணாத காத்தே? இருட்டினால் தானா வந்து சேருவார்... இஞ்சருங்கோ, ஏன் நீங்களே வேலிக்கு ஓடுறியள்?

லியோன்: ஒண்டுமில்லை.

சவுந்தரி: சாமானுக்கோ இவ்வளவு பயம்?

லியோன்: பஸ்ரியாம்பிள்ளை அண்ணை போகேல்லை. காய்ச்சலில படுத்திருக்கிறார்.

சவுந்தரி: அப்ப வள்ளத்தை ஆர் கொண்டு போனது? அந்தக் கடல் தெரிஞ்ச ஆள்தானே?

லியோன்: முதல் தரம். தெரியாது... வேண்டாம், எனக்குப் பயமாக் கிடக்கு எண்டுதான் சொன்னவன். நான்தான் ஆசை காட்டினனான். ஒருக்காப் போய்வந்தால் உன்ரை வள்ளத்துக்கும் ஒரு எஞ்சின் வாங்கலாம் எண்டு...

சவுந்தரி: எவனுக்கு? மாதாவே... எவனுக்கு ஆசை காட்டினனீங்கள்? ஏன் அழுறியள்?

லியோன்: உம்மட தம்பி மடுவுக்குப் போகேல்லை, சவுந்தரி.